தங்கையின் பெயரில் நாற்பது நிமிடம்

ஜூன் 9

அக்காவுக்கு,

நான் இங்கே வந்து ஆறு வாரமாகிறது. இதுவரை நீ பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறாய். நான் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. கோபத்தில் இருக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருப்பாய். கோபம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எடுக்காததற்கு அது காரணமில்லை. எடுத்தால் உன் குரல் வரும். நம் இரண்டு பேர் குரலும் ஒன்று என்று தெரிந்தவர் எல்லாரும் சொல்லிச் சிரிப்பார்கள், நாமும் சேர்ந்து சிரிப்போம். இப்போது சிரிப்பு வரவில்லை. இந்த வேலையை வாங்கிய குரல் அது. 

அதனால்தான் கடிதம். நாள் முழுக்கத் திரையையே பார்த்துக் கண் எரிகிறது, மெயிலில் எழுதப் பிடிக்கவில்லை. தவிர, என் கையெழுத்து என்னுடையது. உன்னுடையது கோழி கிளறிய மாதிரி இருக்கும். இதிலாவது யார் எவர் என்ற குழப்பம் வராது.

ஹாஸ்டல் அறையில் நான்கு கட்டில். மற்ற மூன்று பேரும் வேறு வேறு ஷிஃப்டில் வேலை செய்கிறார்கள். எந்த நேரத்தில் போனாலும் யாராவது ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள். அதனால் எப்போதும் திரைச்சீலை இழுத்து மூடியிருக்கும், எப்போதும் பூனை மாதிரி நடக்க வேண்டும். இத்தனை நாளாகியும் ஒருத்தியின் முகத்தையும் நேராகப் பார்த்ததில்லை. முதுகை வைத்துத்தான் அடையாளம் தெரியும்.

அலுவலகத்தில் தினமும் காலையில் எல்லாரும் வட்டமாக நின்றுகொண்டு, நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப் போகிறோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு நிமிடம்தான். நான் முந்தின நாளே எழுதி வைத்துக்கொண்டு அதைப் பார்த்துப் படிக்கிறேன். படிக்கும்போதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. நேற்று எங்கள் டீம் லீட் எல்லார் முன்னாலும் கேட்டார்: “இன்டர்வியூல நாப்பது நிமிஷம் மூச்சு விடாம பேசின பொண்ணு நீதானா? இங்க வந்ததும் யாராவது உன் வாயைத் தைச்சுட்டாங்களா?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

ஏப்ரலில் அந்த ஃபோன் இன்டர்வியூவில் என் பெயரைச் சொல்லிக்கொண்டு நாற்பது நிமிடம் பேசியது நீ. என் கையில் இருந்த போனை நீ பிடுங்கினாய். முதல் கேள்விக்கு நான் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் பிடுங்கினாய். இன்னும் பத்து எண்ணிக்கை பொறுத்திருந்தால் நானே பேசியிருப்பேனோ என்னவோ. இனிமேல் அது யாருக்கும் தெரியப் போவதில்லை. எனக்கே தெரியாது.

படிப்பைத் தேர்ந்தெடுத்ததும் நீதான். அந்தச் சைக்கிள் கடை மாடியில் இருந்த பயிற்சி நிலையத்தில் இரண்டு போர்டு தொங்கியது. ஒன்றில் வெப் டிசைன், இன்னொன்றில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். எனக்குத் திரை வடிவமைக்கத்தான் ஆசை. நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? “படம் போடறதுக்கு ஆயிரம் பேரு இருக்காங்க. குத்தம் கண்டுபிடிக்கத்தான் ஆள் வேணும். நம்ம குடும்பத்துக்கு அது சொல்லியா தரணும்?” என்றாய். சேர்க்கைப் படிவத்தை நிரப்பினது நீ. கையெழுத்து மட்டும் நான்.

அப்பாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

தங்கை


ஜூன் 17

எலி,

பதினேழு இல்லை, பத்தொன்பது. இரண்டு தடவை பக்கத்து வீட்டு போனிலிருந்து கூப்பிட்டேன். அதையும் நீ எடுக்கவில்லை. தெரியாத எண்ணை எடுக்காதே என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான், என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் ஒரே இடத்தில் கோபம் வந்தது. நான் பிடுங்கினேனா? நல்ல கதை. அந்த மனிதர் “உங்களைப் பத்திச் சொல்லுங்க” என்றார். நீ கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சுவரைப் பார்த்தாய். அவர் மறுபடியும் “ஹலோ, லைன்ல இருக்கீங்களா?” என்றார். நீ என்னைப் பார்த்தாய். போனை என் மடியில் வைத்தாய். வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாய். அதற்கு முன்னால் நான்கு கம்பெனியில் அதே மாதிரி வாயடைத்துப் போய் போனை வைத்துவிட்டு வந்து அழுதவள் நீ. ஐந்தாவதும் அப்படிப் போவதைப் பார்த்துக்கொண்டு இருக்கச் சொல்கிறாயா?

எனக்கு எப்படிப் பதில் தெரிந்தது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. வகுப்பு விட்டு வந்து நோட்டைத் தூக்கி மேஜையில் போட்டுவிட்டுப் போவாய். நான்தான் எடுத்துப் படித்தேன். ஆறு மாதப் பாடத்தையும் படித்தேன். உன் நோட்டு நன்றாக இருக்கும், ஓரத்தில் படம் போட்டிருப்பாய். ஸ்கேன் சென்டர் வேலையில் ரிப்போர்ட் டைப் செய்துகொண்டிருக்கும்போதே அங்கே இருக்கும் மென்பொருளை எப்படி டெஸ்ட் செய்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அங்கே ரிப்போர்ட் அடிக்கும் பெட்டியில் பதினைந்தாவது வரிக்கு மேல் எழுதினால் மேலே இருக்கும் முதல் வரி சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும். ஒன்பது வருடமாக எல்லாரும் பதினைந்து வரியில் முடித்துக்கொள்கிறார்கள். டாக்டரும் அப்படியே பழகிவிட்டார். அது ஒரு பிழை என்று யாருக்குமே தோன்றவில்லை பார்.

அப்பாவுக்கு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அதாவது, தாளைக் கையில் வைத்துக்கொண்டு நானே இட்டுக்கட்டி வாசித்தேன். உன் அறையில் மூன்று நல்ல தோழிகள், லீட் உன்னைப் பாராட்டினார், ஜன்னலைத் திறந்தால் மரம் தெரிகிறது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் சின்ன எழுத்தைப் படிக்க முடியாததும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, “என் சின்னப் பொண்ணு கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கா” என்கிறார். லாரி ஓட்டின காலத்தில்கூட அவர் இவ்வளவு ஹாரன் அடித்ததில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. வாயைத் திறந்து பேசு. கடித்தா தின்றுவிடுவார்கள்?

அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

மடியில் வைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படி நினைவில்லை. ஆனால் நீ அவ்வளவு விவரமாக எழுதியிருப்பதைப் படித்தபின் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து இதே கதைதான். யாராவது “உன் பேரு என்னம்மா?” என்று என்னிடம் கேட்டால் நீ முந்திக்கொண்டு சொல்வாய். என்ன வகுப்பு, எவ்வளவு மார்க், ஏன் இளைத்துவிட்டேன், எல்லாம் நீயே சொல்வாய். எனக்குப் பேச்சு வராததால் நீ பேசினாயா, நீ பேசினதால் எனக்கு வராமல் போனதா? இங்கே உட்கார்ந்துகொண்டு இதைத்தான் யோசிக்கிறேன். யோசிக்க நேரம் நிறைய இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மாலைவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடையில்கூட வேண்டியதை எடுத்து மேஜையில் வைத்தால் போதும், பேசாமலே வாங்கிவிடலாம்.

வேலை வருகிறது, அதைச் சொல்ல வேண்டும். டாக்டரைப் பார்க்க முன்கூட்டியே நேரம் பதிவு செய்யும் மென்பொருளைத்தான் நாங்கள் பார்க்கிறோம். போன வாரம் அதில் ஒரு கைக்குழந்தையைப் பதிவு செய்து பார்த்தேன். அன்றே பிறந்த குழந்தை. வயது பூஜ்யம் என்று போட்டால் ஏற்க மாட்டேன் என்கிறது. அந்த மென்பொருளை எழுதியவர் சண்டைக்கு வந்தார்: “பொறந்த அன்னிக்கே எவன் டாக்டரைப் பார்க்க வருவான்?” பிறந்த அன்றுதான் எல்லாரும் டாக்டரைப் பார்க்கிறார்கள் என்று நான் வாயால் சொல்லவில்லை, பிழை அறிக்கையில் எழுதினேன். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வருகிறது என்று வரிசையாக எழுதி, ஓரத்தில் திரையையும் வரைந்து காட்டினேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. இப்போது மற்ற டீமிலும் என் அறிக்கையை வாங்கிப் பார்க்கிறார்கள்.

ஆனால் ஒரு வம்பு வந்திருக்கிறது. இதை வாங்கும் வாடிக்கையாளருக்கு ஜூலை 16-ம் தேதி மென்பொருளை விளக்க வேண்டும். எல்லாம் ஃபோன் மீட்டிங்தான், முகம் தெரியாது. அவர்கள் வேறு நாட்டில் இருக்கிறார்கள், தமிழ் பேசுகிறவர்கள்தான். டெஸ்டிங் பற்றி இருபது நிமிடம் நான் பேச வேண்டுமாம். “உன் இன்டர்வியூவைக் கூட இருந்து கேட்டவ நான். நீதான் பேசறே,” என்று லீட் சொல்லிவிட்டார். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மாடிப்படியில் நின்றுகொண்டு பேசிப் பார்த்தேன். இரண்டாவது வாக்கியத்தில் மூச்சு நின்றுவிடுகிறது.

இது கெட்டுப் போனால் என்னை வைத்துக்கொள்ள மாட்டார்கள். பயிற்சிக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. அப்பா தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார்.

கேட்கக் கூடாது, தெரியும். உன்மேல் கோபமாக இருப்பதும் நான்தான், கேட்பதும் நான்தான். நீ அன்று ஒரு நாள் மட்டும் பேசுவாயா? எல்லாக் குறிப்பையும் இதோடு வைத்திருக்கிறேன். மீட்டிங்குக்கு உள்ளே நுழையும் எண்ணும் இருக்கிறது. நீ உன் போனிலிருந்து நுழைந்தால் போதும். நான் இங்கே ஒரு தனி அறையில் உட்கார்ந்துகொள்வேன்.

எலி


ஜூலை 8

எலி,

பேசுகிறேன். இதற்கு ஏன் இவ்வளவு தயங்குகிறாய்?

உன் குறிப்பில் நான்காம் பக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஒரே டாக்டரைப் பதிவு செய்தால் என்ன ஆகும் என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அதை நீ பரிசோதித்தாயா இல்லையா? உடனே எழுது. பத்தொன்பது கேள்வி தயார் செய்திருக்கிறேன், பதிலும் எழுதிவிட்டேன். ஸ்கேன் சென்டரில் 16-ம் தேதி விடுப்பு கேட்டாயிற்று. உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் உண்மையாகவே காய்ச்சல் வந்தபோதுகூட நான் விடுப்பு எடுத்ததில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமலே விட்டுவிடலாம் என்று இரண்டு நாளாகப் பார்த்தேன், முடியவில்லை.

போனை நீ மடியில் வைக்கவில்லை. நீ என்னைப் பார்த்தாய், அது உண்மை. கை நீட்டி வாங்கியது நான். நீ வாய் திறக்கத்தான் போனாய், நான் பார்த்தேன். பார்த்தும் வாங்கினேன்.

ஏன் என்று கேட்டால், எனக்கு எல்லாப் பதிலும் தெரிந்திருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். டெஸ்டிங் படிக்க ஒருத்தியைத்தான் அனுப்ப முடியும் என்று வந்தபோது, நீ கல்லூரி முடித்தவள், நான் பள்ளிக்கூடத்தோடு நின்றவள், உன்னை அனுப்புவதுதான் நியாயம் என்று சொன்னதும் நானே. அதில் எனக்கு வருத்தமில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். என்னிடமும் சொல்லிக்கொண்டேன். அந்த நாற்பது நிமிடம் ஒரு மனிதர் என்னைக் கேள்வி கேட்டார், நான் சொன்னதை முழுதாகக் கேட்டுக்கொண்டார், “நல்ல பதில்” என்றார். மூன்று தடவை சொன்னார். ஸ்கேன் சென்டரில் என்னிடம் பேசுகிறவர்கள் “ரிப்போர்ட் ரெடியா?” என்று மட்டும்தான் கேட்பார்கள். நீ போன பிறகு வீட்டிலும் அப்பாவின் ரேடியோதான்.

ஆகவே உனக்கு உபகாரம் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. 16-ம் தேதி எப்போது வரும் என்று காத்திருக்கிறேன்.

அக்கா


ஜூலை 22

அக்காவுக்கு,

மீட்டிங் பாதியில் ஏன் அறுந்தது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருப்பாய். அன்றே எழுத எனக்குக் கை வரவில்லை.

நீ எனக்காகப் பேசுவதற்காக நான் எடுத்துக்கொண்ட அறை கண்ணாடி அறை. எங்கள் தளத்தில் எல்லா அறையும் கண்ணாடிதான். லீட் அன்று வீட்டிலிருந்து மீட்டிங்கில் சேர்வதாகச் சொல்லியிருந்தார், அதை நம்பி எடுத்தேன். லேப்டாப்பைத் திறந்துவைத்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, நீ பேசப் பேச நான் உதட்டை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும், வெளியே பார்ப்பவர்களுக்கு நான் பேசுவதாகத் தெரிய வேண்டும் என்று ஏற்பாடு. முந்தின நாள் கண்ணாடி முன்னால் நின்று பழகியும் வைத்திருந்தேன்.

நீ ஆரம்பித்தாய். முதல் இரண்டு நிமிடம் அசைத்தேன். பிறகு கைக்குழந்தை விஷயத்தைச் சொன்னாய் பார், “இந்தக் குழந்தைக்கு வயசு பூஜ்யம், ஆனா இதுக்குத்தான் டாக்டர் ரொம்ப அவசரமா வேணும்” என்று. அதை நான் எழுதவில்லை. நீயாகச் சேர்த்தாய். அந்தப் பக்கம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு நான் உதட்டை மறந்தே போனேன். நீ பேசியது அவ்வளவு நன்றாக இருந்தது. ரேடியோவில் கதை கேட்பது போலக் கன்னத்தில் கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தலையைத் தூக்கினால் லீட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். வீட்டில் மின்சாரம் போய்விட்டதாம், அலுவலகத்துக்கே வந்துவிட்டார். காதில் ஹெட்செட். என்னைப் பாராட்டத்தான் வந்திருக்கிறார், கட்டைவிரல் பாதி உயர்ந்திருந்தது. அவர் காதில் என் குரல் ஓடிக்கொண்டிருக்கிறது, என் வாயோ மூடியிருக்கிறது.  கட்டைவிரல் மெதுவாக இறங்கியது. லேப்டாப்பில் உன் இணைப்பைத் துண்டித்தது நான்தான். மிச்சம் எட்டு நிமிடத்தை லீட் பேசி முடித்தார்.

பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கத்தவில்லை. “யாரு அது?” என்றார். அக்கா என்றேன். “இன்டர்வியூ?” அதுவும் அக்கா என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “பிழை அறிக்கையெல்லாம் யார் எழுதினது? உண்மையைச் சொல்லு,” என்றார். நான் என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

ஆகஸ்ட் 6-ம் தேதி மறுபடியும் இன்டர்வியூ. நேரில், அவருக்கும் மேலாளருக்கும் முன்னால். அதுவரை எந்த வேலையும் தொடக் கூடாது. என் இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். எப்படித்தான் தெரிந்ததோ, தளத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் நான் போய் உட்கார்ந்தால் மற்றவர்கள் சீக்கிரம் சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள்.

எலி


ஜூலை 28

எலி,

கடிதம் வந்தது. படித்ததிலிருந்து கை கால் ஓடவில்லை. நான்தான் காரணம், வேறு யாருமில்லை. நான் நேரில் வந்து அந்த லீட் அம்மாவிடம் பேசுகிறேன். எல்லாம் நான் செய்தது, நீ ஒன்றும் அறியாதவள் என்று சொல்கிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று எழுதியே வைத்துவிட்டேன், ஒரு பக்கம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை வண்டிக்கு இடம் போட்டுவிடட்டுமா?

அப்பாவுக்கு நீ சௌக்கியம் என்று வாசித்தேன்.

அக்கா


ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

வராதே என்று ஒரே வார்த்தையில் செய்தி அனுப்பினதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அதை எழுதிவிட்டு அனுப்பத்தான் ஒரு மணி நேரமாயிற்று. எனக்காக நீ பேச வருகிறேன் என்று சொன்னால் எனக்கு உடனே நிம்மதியாகிவிடுகிறது. அந்த நிம்மதிதான் என்னைக் கெடுத்தது.

ஆறாம் தேதி இன்டர்வியூ நடந்தது. நாற்பது நிமிடம் இல்லை, இருபத்திரண்டு நிமிடம். அதில் பாதி நேரம் நான் பேசவே இல்லை. முதல் கேள்விக்கு வாய் வரவில்லை. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “எழுதிக் காட்டட்டுமா?” என்று கேட்டேன். கேட்டது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். எழுந்துபோய்ப் பலகையில் எழுதினேன். எழுதிக்கொண்டே, எழுதினதைப் பார்த்துக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே பேசினேன். திக்கித் திக்கித்தான். இரண்டு கேள்விக்குத் தெரியாது என்று சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது மேலாளர் எழுதிக்கொண்டிருந்தார். லீட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வைத்துக்கொள்கிறார்களாம். பயிற்சிக் காலம் இன்னும் ஆறு மாதம் நீளும். கோப்பில் ஒரு குறிப்பு இருக்கும். வாடிக்கையாளர் மீட்டிங் எதிலும் நான் பேசக் கூடாது.

சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்பாய். தெரியவில்லை. காலையில் வட்டமாக நிற்கும்போது இப்போது தாள் இல்லாமல் பேசுகிறேன். நான் பேசும்போது யாரும் சிரிப்பதில்லை, ஒன்றும் கேட்பதுமில்லை. என் முறை முடிந்ததும் அடுத்தவர் ஆரம்பித்துவிடுகிறார். லீட் என்னிடம் வேலை சம்பந்தமாக மட்டும் பேசுகிறார். அவர் அந்தக் கட்டைவிரலை மறுபடி எனக்காக உயர்த்த மாட்டார். நான் சம்பாதித்தது அதுதான், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. நீ வாங்கினாய் என்று ஒத்துக்கொண்டதும் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. அதோடு இன்னொரு கோபமும் சேர்ந்துகொண்டது. உனக்கு இவ்வளவு வருகிறதே, இவ்வளவு பிடித்திருக்கிறதே, அதை ஏன் என் பெயரில் செய்கிறாய்? உனக்கு வேண்டும் என்றால் உன் பெயரில் போய்க் கேள். நான் குறிப்பு எழுதித் தர மாட்டேன். நீயும் இனிமேல் எனக்கு எதுவும் எழுதித் தராதே.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடு.

எலி


செப்டம்பர் 3

எலி,

இதை ஒரு கம்பெனி வரவேற்பறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். எழுத்து எப்போதையும்விட மோசமாக இருந்தால் மடியில் வைத்து எழுதுகிறேன் என்று அர்த்தம்.

எங்கள் ஸ்கேன் சென்டர் மென்பொருளைச் செய்து கொடுத்தவர்களுக்கு டெஸ்டிங்குக்கு ஆள் வேண்டும் என்று தெரிந்தது. பட்டம் கட்டாயமில்லை என்று போட்டிருந்தார்கள். உன் கடிதம் வந்து பத்து நாள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன், பதினோராம் நாள் விண்ணப்பம் போட்டேன். போன வெள்ளிக்கிழமை அவர்கள் கூப்பிட்டார்கள். எனக்கென்ன பயம்? பத்தொன்பது கேள்விக்குப் பதில் வைத்திருப்பவள். குரலைக் கனைத்துக்கொண்டு எடுத்தேன்.

“உங்களைப் பத்திச் சொல்லுங்க” என்றார்கள்.

சொன்னேன். தடங்கலே இல்லாமல் சொன்னேன். உன் பெயரைச் சொன்னேன், எலி. உன் கல்லூரி, உன் மதிப்பெண், நீ படித்த பயிற்சி நிலையம். மனப்பாடம் அப்படியே கொட்டுகிறது. அந்தப் பக்கம் ஒரு பெண், “மேடம், விண்ணப்பத்துல வேற பேரு இருக்கே?” என்றாள். நான் வாயைத் திறந்தேன். ஒன்றுமே வரவில்லை. வேறு எந்தக் கேள்வியாக இருந்தாலும் சமாளித்திருப்பேன். போனை வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், முதல் இன்டர்வியூவிலிருந்து. ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டார். “நீ வாசிச்ச லெட்டர்லயெல்லாம் அவ ரொம்பப் பேசினா. அவ அவ்வளவு பேசற ஆளா? எனக்குக் கண்ணுதான் மங்கல்,” என்றார். என்மேல் கோபமா என்று கேட்டேன்.  “உனக்கும் படிக்கணும்னு இருந்துச்சா? சொல்லவே இல்லையேம்மா,” என்றார். நீங்கள் கேட்கவே இல்லையே என்று நாக்கு நுனிவரை வந்து நின்றது. இப்போது தெருவில் அவர் யாரையும் நிறுத்துவதில்லை. வாசலுக்கு வந்து நிற்கிறார், உள்ளே போய்விடுகிறார்.

நேற்று முழுக்க வேலையே ஓடவில்லை. இன்று இரண்டு பஸ் மாறி நேராக இங்கேயே வந்துவிட்டேன். முன்னறையில் இருந்த பெண்ணிடம், “வெள்ளிக்கிழமை போன்ல பேசினேன், பாதியில வெச்சுட்டேன். என் பேரைத் தப்பாச் சொல்லிட்டேன். சரியாச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்,” என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னாள். இரண்டு மணி நேரமாகிறது. சுற்றிலும் எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். ஒருத்திக்கு அம்மா தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருக்கிறாள். என்னை யாருக்காவது துணைக்கு வந்தவள் என்று நினைத்திருப்பார்கள். இந்த முப்பத்துமூன்று வயதுவரை நானும் வேறு யாருக்காவது துணையாகத்தான் இந்த மாதிரி இடங்களுக்கு வந்திருக்கிறேன்.

உட்கார்ந்திருந்த நேரத்தில் என்னைப் பற்றி எழுதிப் பார்த்தேன். ஆறு வரி எழுதினேன். அதில் நான்கு வரி உன்னைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் இருந்தது, அடித்துவிட்டேன். ஒன்பது வருடமாக உங்கள் மென்பொருளில் வேலை செய்கிறேன், அதில் இருக்கும் பிழைகள் இன்னின்ன என்று இரண்டு வரிதான் மிஞ்சியது. அதற்கு முன்னால் என் பெயரைச் சேர்த்து நான்கு தடவை சொல்லிப் பார்த்தேன். பக்கத்து நாற்காலிக்காரி திரும்பிப் பார்த்தாள்.

கதவைத் திறந்து என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வாய் வறண்டு போய்விட்டது, நாக்கு அசையவே மாட்டேன் என்கிறது. அந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சுவரைப் பார்த்தாயே, உனக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்? உன் பக்கத்திலேயே இருந்தேன், எனக்குத் தெரியாமல் போய்விட்டது. போகிறேன், எலி.